வேலை முடிந்தால் வேலை போச்சு: கட்டட வேலைக்காரர் சும்மா இருக்கும் நாட்களுக்கு யார் கூலி கொடுப்பது?

ரசமட்டம்

வேலையில்லாத் திண்டாட்டம் என்று பேச்செடுத்தாலே பட்டதாரிகள், ஆலை மூடல், கணினித் துறை ஆட்குறைப்பு என்றுதான் போகிறது. கட்டட வேலை செய்கிறவன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது யாருக்கும் செய்தி இல்லை. "அவனுக்கென்ன, இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு வேலை" என்று ஒரு நினைப்பு.

நான் கொத்து வேலை. இந்தத் தொழிலில் ஒரு கோளாறு ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. எவ்வளவு சுத்தமாக, வேகமாக முடிக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் வேலை போகும். ஆலையில் ஒரு உருப்படி முடிந்தால் அடுத்த உருப்படி வருகிறது. இங்கே கடைசிச் சுவரில் பூச்சு முடிந்தால் கூலியும் முடிந்தது. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை 1930 மார்ச்சில் தொடங்கி 1931 மே 1-ல் திறந்துவிட்டார்கள். உச்சத்தில் ஒரே நாளில் 3,400 பேர் வரை வேலை பார்த்திருக்கிறார்கள். அந்த வேகத்தைப் பற்றி இன்றும் எழுதுகிறார்கள். பெருமந்தம் என்ற அந்தப் பொருளாதாரச் சரிவின் நடுவில் கட்டடம் முடிந்த மறுநாள் அந்தக் கூட்டம் எங்கே போய் நின்றது என்று எழுதியவர்களை நான் பார்த்ததில்லை.

என் கேள்வி இதுதான். இரண்டு சைட்டுக்கு நடுவில் சும்மா இருக்கும் நாட்கள் இந்தத் தொழிலில் வந்தே தீரும். அந்த நாட்களின் செலவு யார் தலையில் விழ வேண்டும்?

வெளிச்சம்

நம்ம தலையில். அடுத்த கேள்வி?

(வயரிங் வேலை பார்க்கிறேன். கொத்தனார் முடித்தால்தான் எனக்கு வேலையே. அதனால் நான் இரண்டு தடவை சும்மா இருக்கிறேன்.)

கணக்கர்

ரசமட்டம் அண்ணே, இது செய்தியாக வராததற்குக் காரணம் எண்ணும் முறையிலேயே இருக்கிறது. உலகம் முழுக்கப் பின்பற்றும் கணக்கெடுப்பில், கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு வேலை செய்திருந்தாலும் அவர் "வேலையில் இருப்பவர்". ஆலைத் தொழிலாளிக்கு இந்த விதியால் பெரிய வித்தியாசம் வராது, வேலை இருந்தால் ஆறு நாளும் இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கலவை போட்டவரும் ஆறு நாள் போட்டவரும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். கட்டட வேலையின்மை பெரும்பாலும் இப்படி அரையும் குறையுமாக இருப்பதால் சல்லடையில் நிற்காமல் விழுந்துவிடுகிறது.

அதையும் மீறி எண்ணில் தெரிகிறது என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 2006-ல் கட்டுமானத் துறையில் ஏறக்குறைய 77 லட்சம் பேர் இருந்தார்கள். வீட்டுக் கடன் குமிழி உடைந்த பிறகு 2011 தொடக்கத்தில் அது 55 லட்சத்துக்கும் கீழே. 2010 பிப்ரவரியில் அந்தத் துறையில் வேலையில்லாதவர் 27 சதவீதம். நாட்டின் மொத்த அளவு அப்போது சுமார் 10 சதவீதம்தான். ஸ்பெயினில் இன்னும் கொடுமை. 2007-ல் சுமார் 27 லட்சம் பேர் கட்டட வேலையில், 2014 தொடக்கத்தில் பத்து லட்சத்துக்கும் குறைவு. மூன்றில் இரண்டு பங்கு காலி. அயர்லாந்தில் பாதிக்கும் மேல் போனது.

தளப்பொறியாளன்

மந்தம் எப்போதாவது வருவது. அதை மட்டும் பேசினால் அன்றாடம் நடப்பது விட்டுப்போகும். நல்ல காலத்திலேயே, கையில் நிறைய வேலை இருக்கும் சைட்டிலேயே ஆட்கள் சும்மா நிற்கிறார்கள். எப்படி என்று ஒரு உதாரணம் சொல்கிறேன்.

ஒரு தளம் போட வேண்டும். சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அச்சு) முடிந்தது, கம்பி கட்டியாச்சு. கழிவுநீர்க் குழாய் இறங்கும் இடத்தில் துளை விட வேண்டும், அந்த இடம் வரைபடத்தில் மாறியிருக்கிறது. கட்டட வரைஞர் திருத்தி அனுப்ப நான்கு நாள். திருத்தம் வந்த பிறகு கம்பியைக் கொஞ்சம் பிரித்துக் கட்ட வேண்டும், அதற்கு ஆள் வேறு சைட்டுக்குப் போய்விட்டார். அவர் வந்து முடித்ததும் மேற்பார்வைக்காரர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு அடுத்த வாரம்தான் நேரம். அதற்குள் மழை. புதுத் தளத்தில் மழை அடித்தால் மேல்பரப்பு பாழ், அதனால் ஊற்ற முடியாது. குளிர் நாடுகளில் வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போனால் கான்கிரீட் இறுகுவது படுத்துவிடும், தனி ஏற்பாடு இல்லாமல் ஊற்ற மாட்டார்கள்.

ஒரு துளைதான் காரணம். அதனால் கான்கிரீட் ஆட்களுக்கு இரண்டு வாரம் போச்சு. தளம் தள்ளிப்போனால் மேல்சுவர் தள்ளிப்போகும், கொத்தனார் காத்திருப்பார். அவருக்குப் பின்னால் பிளம்பர், வெளிச்சம் மாதிரி ஆட்கள், டைல்ஸ், பெயின்ட் எல்லாம் வரிசையாக. எங்கள் திட்ட அட்டவணையில் இதற்குப் பெயர் "தாமதம்". தாமதம் ஆனதற்கு ஒப்பந்தக்காரருக்கு எவ்வளவு அபராதம், உரிமையாளருக்கு எவ்வளவு நஷ்டம் என்றெல்லாம் பத்தி பத்தியாக இருக்கும். சும்மா நின்ற ஆளுக்கு என்ன என்று ஒரு வரி கூட நான் எந்த ஒப்பந்தத்திலும் படித்ததில்லை.

நேர்க்கோடு

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கமும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

அதே அளவு படிப்பு உள்ள மற்ற வேலைகளோடு ஒப்பிட்டால் கொத்தனாரின் நாள் கூலி அதிகம். ஏன் அதிகம்? சும்மா இருக்கும் நாட்களுக்கும் சேர்த்துத்தான் சந்தை கொடுக்கிறது. மாதச் சம்பளக்காரனுக்கு வேலை நிரந்தரம், கூலி குறைவு. உங்களுக்கு வேலை நிரந்தரமில்லை, கூலி கூடுதல். வேலை இருக்கும்போது கூடுதலை வாங்கிக்கொண்டு, இல்லாதபோது தனியாக வேறு கேட்டால் இரண்டு தடவை வாங்கிய மாதிரி ஆகாதா? சேமிப்புப் பழக்கம்தான் தீர்வு என்பது என் கருத்து.

வெளிச்சம்

சரிங்க சார், நாளையிலிருந்து சேமிக்கிறோம். நாளைக்கு வேலை இருந்தால்.

கணக்கர்

நேர்க்கோடு சொல்வதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. இதே வாதத்தை ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதியிருக்கிறார். கொத்தனார் கடும் பனியிலும் மோசமான வானிலையிலும் வேலை செய்ய முடியாது, அதனால் வேலை செய்யும் நாளின் கூலி சும்மா இருக்கும் நாளுக்கும் சோறு போட வேண்டும் என்கிறார். அதோடு விடவில்லை. வேலை வருமா வராதா என்ற கவலைக்கும் சேர்த்து ஏதோ கொஞ்சம் ஈடு வேண்டும் என்கிறார்.

ஆனால் இந்தக் கணக்கு ஒத்துவர ஒரு நிபந்தனை உண்டு. ஆளுக்குப் பேரம் பேசும் தெம்பு இருக்க வேண்டும். வேலை குறையும் காலத்தில் என்ன நடக்கிறது? சும்மா இருக்கும் நாட்கள் கூடுகின்றன, அதனால் நாள் கூலி ஏற வேண்டும் என்கிறது வாதம். நடப்பதோ நேர் எதிர். பத்துப் பேர் நிற்கிற இடத்தில் நாலு பேருக்குத்தான் வேலை என்றால் கூலி இறங்கும். ஈடு எப்போது அதிகம் தேவையோ அப்போதுதான் அது காணாமல் போகிறது.

இன்னொன்று. சேமிக்க வேண்டுமென்றால் எத்தனை நாள் சும்மா இருப்போம் என்று ஓரளவுக்காவது தெரிய வேண்டும். மழைக்காலம் தெரியும், அதற்குச் சேமிக்கலாம், சேமிக்கிறார்கள். 2008 நிதி நெருக்கடியை எந்தக் கொத்தனார் முன்கூட்டியே பார்த்திருக்க முடியும்? வங்கி நடத்தியவர்களே பார்க்கவில்லையே.

பழைய மேஸ்திரி

தம்பிமார்களே, ஆள் வைத்து வேலை எடுத்தவன் பக்கம் ஒன்று இருக்கிறது. மேஸ்திரி என்றாலே சுரண்டுகிறவன் என்று முடிவு கட்டிவிடாமல் கேளுங்கள்.

ஒரு நல்ல செட்டு சேர்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. யார் மட்டம் பிசகாமல் கட்டுவார், யாரை மூலையில் விடலாம், யாரைப் பூச்சுக்கு மட்டும் வைக்கலாம் என்று தெரியவே வருஷங்கள் ஆகும். வேலை இல்லை என்று ஒரு தடவை கலைந்தால் அந்தச் செட்டு திரும்பச் சேராது. அதனால் நாங்கள் முடிந்த மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் பார்ப்போம். சொந்தக் கையிலிருந்து முன்பணம் கொடுத்து இருத்தி வைப்போம். (அந்த முன்பணமே ஆளைக் கட்டிப்போடும் கயிறாக ஆவதும் உண்டு, அதையும் மறைக்கவில்லை.)

பிரச்சினை மேலே இருந்து வருகிறது. உரிமையாளர் பெரிய ஒப்பந்தக்காரருக்குத் தர வேண்டும், அவர் துணை ஒப்பந்தக்காரருக்கு, அவர் எனக்கு. ஒவ்வொரு பில்லிலும் பிடித்தம் வேறு. வேலை நன்றாக நிற்கிறதா என்று பார்க்க ஐந்து சதவீதம், பத்து சதவீதம் நிறுத்தி வைப்பார்கள், எல்லாம் முடிந்து மாதக்கணக்கில் கழித்துத்தான் வரும். மேலே ஒருவர் கவிழ்ந்தால் கீழே இருப்பவனுக்கு அந்தப் பிடித்தமும் கிடையாது. என் ஆளுக்குச் சும்மா இருக்கும் நாள் கூலி கொடு என்றால், செய்த வேலைக்கே எனக்குக் காசு வரவில்லையே அப்பா.

சைட் நிற்கப் போவது எங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். முதலில் சிமென்ட் லோடு சின்னதாகும். நூறு மூட்டை இறங்கிய இடத்தில் இருபது. அப்புறம் பொறியாளர் ஆபீசில் உட்காரும் நேரம் அதிகமாகும், போன் வந்தால் வெளியே போய்ப் பேசுவார். கடைசியாகச் சாரம் வாடகைக்கு விட்டவர் ஒரு லாரியோடு வருவார். எங்கள் ஆட்கள் இரண்டாவது மாடியில் வெளிப்பூச்சு பூசிக்கொண்டிருக்கும்போதே கீழே இருந்து பைப்பைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார், வாடகை வரவில்லை என்று. அதைப் பார்த்த உடனே கரணையைக் கழுவி வைத்துவிட வேண்டியதுதான். கலவை மீதி இருக்கிறதே என்று பூசிக்கொண்டு நிற்கிற ஆளும் உண்டு. அந்தச் சதுரத்துக்கு எந்தக் காலத்திலும் காசு வராது.

தளப்பொறியாளன்

மேஸ்திரி ஐயா சொல்லும் "மேலே ஒருவர் கவிழ்வது" பெரிய அளவில் நடந்தது 2018 ஜனவரியில், பிரிட்டனில். கரில்லியன் என்ற ஒப்பந்த நிறுவனம் திவாலானது. உலகம் முழுக்க அதில் 43,000 பேர் வேலை பார்த்தார்கள். லிவர்பூலிலும் பர்மிங்காம் பக்கத்திலும் இரண்டு பெரிய மருத்துவமனைகள் பாதியில் நின்றன. நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருந்தவர்களையாவது எண்ண முடிந்தது. அதன் கீழே துணை ஒப்பந்தக்காரர்களிடம் வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர் அந்த வாரம் வீட்டுக்குப் போனார்கள் என்பதை எண்ணுவதே கஷ்டம்.

மரத்தச்சன்

நான் சென்ட்ரிங் வேலை. கொஞ்ச காலம் ஜெர்மனியில் பார்த்தேன். ரசமட்டம் கேட்ட கேள்விக்கு அங்கே ஒரு பதில் வைத்திருக்கிறார்கள், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அங்கே டிசம்பரிலிருந்து மார்ச் வரை "மோசமான வானிலைக் காலம்". பனியில் வேலை நின்றால், அல்லது அந்த மாதங்களில் வேலையே வரவில்லை என்றால், ஆளை நீக்குவதில்லை. இழந்த நிகரக் கூலியில் 60 சதவீதம், குழந்தை இருந்தால் 67 சதவீதம் கிடைக்கும். வானிலையைக் காரணம் காட்டி அந்த மாதங்களில் யாரையும் வேலையை விட்டு அனுப்பக்கூடாது என்று தொழிற்சங்கமும் முதலாளிகளும் போட்ட ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. 1959-ல் "மோசமான வானிலைப் படி" என்று வந்தது. 1995 கடைசியில் அதை எடுத்துவிட்டு வேறு ஏற்பாடுகள் செய்து பார்த்தார்கள். அது சரிப்படாமல் 2006-ல் இப்போதுள்ள முறை வந்தது.

காசு எங்கிருந்து? அடிப்படைப் படி வேலையின்மைக் காப்பீட்டிலிருந்து வரும். அதற்கு மேல் தரும் குளிர்காலச் சலுகைகளுக்குத் துறையே ஒரு நிதி வைத்திருக்கிறது, மொத்தக் கூலியில் 2 சதவீதம். அதில் முதலாளி 1.2, தொழிலாளி 0.8. நேர்க்கோடு கவனிக்கவும், இதுவும் சேமிப்புதான். ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சேமிக்காமல் துறையே சேர்ந்து சேமிக்கிறது.

விடுப்புக்கும் அப்படி ஒரு பொது நிதி உண்டு. ஒரு வருஷத்தில் மூன்று முதலாளியிடம் மாறி மாறி வேலை பார்த்தாலும் சம்பாதித்த விடுப்பு நாள் ஆளோடு கூடவே வரும். முதலாளி மாறினால் எல்லாம் பூஜ்யத்திலிருந்து என்பது இல்லை.

சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. பதிவு இல்லாமல் கறுப்பில் வேலை செய்கிறவன் அங்கேயும் உண்டு, அவனுக்கு இதில் ஒன்றும் கிடையாது.

நேர்க்கோடு

இது நியாயமாகப் படுகிறது. ஆனால் அங்கே எல்லாருக்கும் சம்பளப் பட்டியல் இருக்கிறது. யார் வேலை செய்தார், எத்தனை நாள் செய்தார் என்பதே எழுத்தில் இல்லாத நாட்டில் எப்படி?

கணக்கர்

இந்தியாவில் 1996-ல் வந்து, 2025-ல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போன கட்டடத் தொழிலாளர் சட்டம் அந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றது. யோசனை நல்ல யோசனை. கட்டடச் செலவில் குறைந்தது ஒரு சதவீதம் தீர்வையாக வாங்கி நல வாரியத்தில் போட வேண்டும். கூலியில் பிடிக்காமல் கட்டடத்தின் செலவில் பிடிக்கிறார்கள், அதாவது கட்டடத்தை அனுபவிக்கப் போகிறவரிடம். கொள்கையாகப் பார்த்தால் ஜெர்மனியை விட இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் பயன் பெறப் பதிவு வேண்டும். பதிவுக்கு முந்தைய 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்திருக்க வேண்டும். அதற்குச் சான்று வேண்டும். யாருக்கு 90 நாள் வேலை கிடைக்கவில்லையோ அவருக்குத்தானே உதவி அதிகம் தேவை? யார் நாலு மேஸ்திரியிடம் மாறி மாறிப் போனாரோ அவருக்குத்தானே சான்று கிடைப்பது கஷ்டம்? ஒரு பக்கம் வாரியங்களில் பல்லாயிரம் கோடி செலவாகாமல் கிடந்தது. உச்ச நீதிமன்றமே 2018-ல் அதைக் கண்டித்தது.

இதே நிதியைச் சும்மா இருக்கும் நாளுக்குப் பயன்படுத்திய உதாரணமும் இருக்கிறது. தில்லியில் காற்று மாசு கூடினால் கட்டட வேலைக்குத் தடை போடுவார்கள். 2021 நவம்பரில் தடை போட்ட உச்ச நீதிமன்றம், தடைக் காலத்துக்குத் தீர்வை நிதியிலிருந்து தொழிலாளருக்கு உதவித்தொகை கொடுக்கச் சொன்னது. பதிவு இருந்தவருக்குக் கிடைக்க வழி பிறந்தது. இல்லாதவர் புகையையும் சுவாசித்துக்கொண்டு பட்டினியும் கிடந்தார்.

கம்பிக்காரன்

எல்லாம் சரி. உள்ளதை யாரும் பேச மாட்டேன் என்கிறீர்களே. வெளியிலிருந்து ஆட்கள் வந்து குறைந்த கூலிக்கு வேலை பார்க்கிறார்கள். அவர்களை நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். எங்கள் சைட்டில் கம்பி கட்ட இப்போது எங்கள் ஆட்கள் ஒருத்தர் கூட இல்லை.

மரத்தச்சன்

அண்ணே, ஜெர்மனியில் நான்தான் அந்த வெளியாள்.

வெளிச்சம்

😂 முடிஞ்சது

கம்பிக்காரன்

சிரிக்கிற விஷயம் இல்லை தம்பி. நான் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன்.

பழைய மேஸ்திரி

கம்பிக்காரரே, நீங்கள் பார்ப்பது பொய் இல்லை. ஆனால் அந்த ஆளை அழைத்து வந்தது அந்த ஆள் இல்லை, என்னைப் போல ஒருத்தன். சைட்டிலேயே படுத்துக்கொள்வார், ஞாயிறும் வேலை செய்வார், கூலி பாக்கி வைத்தாலும் கேட்க நாதி இல்லை. அதற்காகத்தான் அழைத்து வருவது. உங்களுக்குக் கொடுக்கும் கூலியை அவருக்கும் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் என்னைப் போன்றவர்களில் பாதிப் பேர் ஆள் அழைத்து வருவதையே விட்டுவிடுவார்கள். அழைத்து வரும் செலவாவது மிச்சம்.

கணக்கர்

மேஸ்திரி ஐயா சொன்னதையே அமெரிக்காவில் 1931-ல் சட்டமாகப் போட்டார்கள், டேவிஸ்-பேக்கன் சட்டம். அரசுக் கட்டட வேலைக்கு அந்தந்த வட்டாரத்தில் என்ன கூலி நடப்பில் இருக்கிறதோ அதற்குக் குறையக்கூடாது. வெளியிலிருந்து மலிவாக ஆள் கொண்டுவந்து, ஒப்பந்த ஏலத்தில் விலையைக் குறைத்து வேலையைப் பிடிப்பதைத் தடுக்க வந்தது. அதற்கு ஒரு கறையும் உண்டு. அந்த விவாதத்தில் தெற்கிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்களைக் குறிவைத்த பேச்சுகளும் இருந்தன. கூலியைச் சமமாக்குகிறோமா, ஆளைத் துரத்துகிறோமா என்பதற்கு நடுவில் கோடு மெல்லியது. கம்பிக்காரர் அண்ணன் முதலாவதைக் கேட்டால் நானும் கூட நிற்பேன்.

அல்லி

இதுவரை எழுதிய எல்லாரும் ஆண்கள் என்று நினைக்கிறேன். சித்தாள் வேலையைப் பற்றி ஒருத்தர் கூடப் பேசவில்லை.

நான் பல வருஷம் சித்தாளாக இருந்து, இப்போது பெயின்ட் செட்டில் இருக்கிறேன். வேலை குறைந்தால் முதலில் நிற்பது பெண்கள்தான். கொத்தனாருக்கு ஒரு சித்தாள் என்பது இரண்டு கொத்தனாருக்கு ஒரு சித்தாள் ஆகும். மிச்சம் இருக்கும் ஆள் இரண்டு பேர் பாட்டைச் சுமப்பார், கூலி ஒன்றுதான். கான்கிரீட்டைக் குழாய் வழியாக மேலே தள்ளும் இயந்திரம் வந்த பிறகு, முன்பெல்லாம் தளம் போடும் நாளில் வரிசையில் நின்று சட்டி கைமாற்றிய பெண்கள் கூட்டமே இல்லை. இயந்திரத்தை ஓட்டுவது ஆண். கம்பி, சென்ட்ரிங், பூச்சு என்று எதையும் எங்களுக்குச் சொல்லித் தருவது இல்லை. ஒரு பையன் சித்தாள் வேலைக்கு வந்தால் இரண்டு மூன்று வருஷத்தில் கரணை பிடித்துவிடுவான். ஒரு பெண் முப்பது வருஷம் சித்தாளாகவே இருந்து சித்தாளாகவே நிற்பாள். அதனால் வேலை போனால் காட்ட அவளிடம் தொழில் என்று ஒன்று இருக்காது. மண்வெட்டி பிடித்த கைதான் இருக்கும்.

வயசும் அப்படித்தான். ஐம்பது தாண்டினால் மேஸ்திரியின் கண்ணே வேறு பக்கம் போகும். சீனாவில், ஷாங்காயில் 2019-ல் விதியாகவே போட்டார்கள், 60 தாண்டிய ஆண்களும் 50 தாண்டிய பெண்களும் கட்டட வேலை செய்யக்கூடாது என்று. பாதுகாப்புக்காகவாம். ஓய்வூதியம் போதாமல்தானே அந்த வயசில் செங்கல் தூக்க வருகிறார்கள்? வேலையை நிறுத்த விதி போட்டவர்கள் அடுத்த மாதச் சாப்பாட்டுக்கும் ஒரு விதி போட்டிருக்கலாம்.

பழைய மேஸ்திரி

சொல்லித் தருவது இல்லை என்றது உண்மைதான் அம்மா. என் செட்டிலும் நடந்ததில்லை.

கணக்கர்

அல்லி அக்கா சொன்னதைச் சேர்த்துக்கொண்டே ஒரு விஷயம். சும்மா இருக்கும் நாட்கள் வானத்திலிருந்து மட்டும் விழுவதில்லை, அலுவலகங்களிலிருந்தும் விழுகின்றன. விலைவாசி ஏறினால் மத்திய வங்கி வட்டியை ஏற்றும். வட்டி ஏறினால் முதலில் நிற்பது வீடு கட்டுவது, ஏனென்றால் அது முழுக்கக் கடனில் ஓடுகிறது. அமெரிக்காவில் 1981-ல் குறுகிய கால வட்டி 20 சதவீதத்தை நெருங்கியது. வீடு கட்டுகிறவர்கள் கோபத்தில் வீடு கட்டும் மரத்துண்டுகளில் வாசகம் எழுதி, தபால்தலை ஒட்டி, மத்திய வங்கித் தலைவர் பால் வோல்க்கருக்கே அனுப்பினார்கள். வேலைக்கு ஆகாத மரம், இந்தாருங்கள் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்ற மாதிரி. 1982-ல் அந்தத் துறையில் ஐந்தில் ஒருவர் வேலை இல்லாமல் இருந்தார். விலைவாசி இறங்கியதன் பலன் எல்லாருக்கும். அதற்கான விலையில் பெரிய பங்கைச் சாரத்தில் ஏறி நின்றவர்கள் கட்டினார்கள்.

நாட்டின் பொதுக் கொள்கைக்காக ஒரு துறையை நிறுத்துகிறீர்கள் என்றால் அந்தத் துறையின் ஆட்களைத் தாங்கும் செலவும் பொதுச் செலவுதான். காப்பீடாகக் கொடுத்தாலும் சரி, வேலையாகக் கொடுத்தாலும் சரி.

தளப்பொறியாளன்

"வேலையாகக் கொடுத்தாலும்" என்ற இடத்தில் ஒரு எச்சரிக்கை. மந்தம் வந்தால் அரசு பெரிய பாலம், அணை என்று அறிவிக்கும். அந்த மாதிரித் திட்டம் நிலம் எடுத்து, ஆய்வு செய்து, ஒப்பந்தம் விட்டு முதல் கான்கிரீட் ஊற்றுவதற்குள் மந்தமே போய்விடும். போட்டாலும் அதில் பாதி வேலை இயந்திரத்துக்கு. வீட்டுக்கு டைல்ஸ் பதித்தவர் அணையில் என்ன செய்வார்?

பழுது பார்க்கும் வேலைதான் சரியான மருந்து என்பேன். பள்ளிக்கூடக் கூரை, ஒழுகும் குடியிருப்பு, வயரிங் மாற்றுவது, பெயின்ட். வரைபடம் பெரிதாக வேண்டாம், உடனே தொடங்கலாம், செலவில் பெரும்பங்கு கூலிக்கே போகும், எல்லாத் தொழிலுக்கும் இடம் இருக்கும். அமெரிக்காவில் 1935-லிருந்து 1943 வரை, வேலையில்லாதவர்களுக்கு அரசே வேலை கொடுத்த டபிள்யூ.பி.ஏ. திட்டத்தில் மொத்தம் சுமார் 85 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். அதன் பெயர் நிலைத்தது பெரிய கட்டடங்களால். ஆனால் அதில் எக்கச்சக்கமான வேலை சாலை, பள்ளி, பூங்கா என்று சின்னச் சின்னதாக ஊர் ஊராக நடந்தது. ரிப்பன் வெட்ட அதில் அவ்வளவு வாய்ப்பு இல்லை என்பதால் இன்றைக்கு யாருக்கும் பிடிப்பதில்லை போலிருக்கிறது.

அச்சுக்கூடு

எதற்கு இவ்வளவு பேச்சு? இன்னும் பத்து வருஷத்தில் வீட்டையே இயந்திரம் அச்சடித்துவிடும். அப்புறம் கொத்தனாரே கிடையாது.

வெளிச்சம்

அச்சடித்த வீட்டுக்கும் வயரிங் வேண்டும் சார்.

நெறியாளர்

இயந்திர அச்சு வீடு பற்றி வந்த மற்ற பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே தலைப்போடு நிற்கவும்.

ரசமட்டம்

நிறையப் பேர் எழுதியதற்கு நன்றி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கணக்கர் முதலில் கொடுத்த ஸ்பெயின், அயர்லாந்து, அமெரிக்கா எண்களுக்கு ஒரு பின்கதை இருக்கிறது. அங்கே சில வருஷம் கழித்து வீடு கட்ட ஆரம்பித்தபோது "ஆள் கிடைக்கவில்லை" என்று ஒப்பந்தக்காரர்கள் புலம்பினார்கள். எப்படிக் கிடைப்பார்கள்? வீட்டுக்கு அனுப்பிய ஆள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார், சொந்த நாட்டுக்குத் திரும்பிவிட்டார், முதுகு வலியோடு உட்கார்ந்துவிட்டார். மகனை இந்தத் தொழிலுக்கு விடமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டார். நல்ல கொத்தனார் ஒரு வருஷத்தில் உருவாவதில்லை. சும்மா இருந்த நாட்களுக்குக் கூலி கொடுக்காமல் மிச்சம் பிடித்தவர்கள், ஆள் பற்றாக்குறையில் அதை வட்டியோடு கொடுக்கிறார்கள்.

நேர்க்கோடு, உங்களுக்கு என் பதில் இதுதான். இந்தச் செலவை யாரோ ஒருவர் எப்படியும் கொடுக்கத்தான் போகிறார். கட்டடத்தின் விலையிலேயே அதைச் சேர்த்து எழுதுங்கள் என்கிறேன். சிமென்டுக்கு எழுதுகிறீர்கள், கம்பிக்கு எழுதுகிறீர்கள், வாடகைக்கு எடுத்த சாரம் சும்மா நின்றால் அந்த நாளுக்கும் வாடகை எழுதுகிறீர்கள். சாரத்தின் மேல் நின்றவருக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

நேர்க்கோடு

சாரத்துக்கு எழுதுகிறோம் என்பது நல்ல அடி. துறை முழுவதற்கும் ஒரே விகிதத்தில் பிடித்தால் ஒப்புக்கொள்கிறேன். ஒரு ஒப்பந்தக்காரர் மட்டும் தானாகக் கொடுத்தால் ஏலத்தில் தோற்பார், அதனால் யாரும் முதலில் தொடங்க மாட்டார்கள். சட்டம் இல்லாமல் நடக்காது. தனிச் சேமிப்பும் வேண்டும் என்பதை மட்டும் விட மாட்டேன்.

அல்லி

சட்டம் வரும்போது வரட்டும். 90 நாள் சான்று மாதிரி எதற்காவது இப்போதே நாங்கள் என்ன செய்து வைத்துக்கொள்ளலாம்? யாராவது உருப்படியாகச் சொல்லுங்கள்.

மரத்தச்சன்

அக்கா, ஒரு நோட்டு போதும். தேதி, சைட் இருக்கும் இடம், என்ன வேலை, யார் கூப்பிட்டார், எத்தனை மணி நேரம், கூலி வந்ததா பாக்கியா. வேலை இல்லாத நாளையும் விடாமல் எழுதுங்கள், ஏன் இல்லை என்று ஒரு சொல்: மழை, சரக்கு வரவில்லை, சைட் நின்றது, கூப்பிடவில்லை. வாரம் ஒரு தடவை அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நோட்டு நனைந்தாலும் இருக்கும். கூலி கையில் வாங்கினால் கொடுத்தவரிடம் அந்த வரியில் ஒரு கையெழுத்து. செட்டில் நாலு பேர் ஒரே மாதிரி எழுதி வைத்திருந்தால் ஒன்றுக்கொன்று சாட்சி.

அல்லி

கையெழுத்துப் போடுவார்களா?

பழைய மேஸ்திரி

நான் இருந்தால் போட்டிருப்பேன் என்று இப்போது சொல்வது சுலபம். பாக்கி என்று எழுதிய வரியில் எவனும் போட மாட்டான் அம்மா. கொடுத்த நாளுக்குப் போடச் சொல்லுங்கள், அதற்குத் தயங்க மாட்டார்கள். நடுவில் கையெழுத்து இல்லாத நாட்கள் தானாகத் தெரியும்.

கம்பிக்காரன்

ஓவர்டைம் அதே வரியிலா, தனியாகவா?

மரத்தச்சன்

தனிப் பத்தி போடுங்கள் அண்ணே. எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியது எல்லாம் அதில். ஒரே வரியில் எழுதினால் பின்னால் கூட்டும்போது சண்டை வரும்.